நிரல் ஏழு

நாலு மணிக்கு எண்கள் வரும்.
அங்கொடையிலிருந்து தொலைநகலில்,
முல்லேரியாவிலிருந்து வாட்ஸ்அப்பில்,
சில நாள் திலக்கசிறி மாத்தயாவின் குரலில்:
"எழுதுங்க நங்கி,
கொட்டாஞ்சேனை பதினொன்று, முகத்துவாரம் ஆறு,
இல்லை, பொறுங்க, ஏழு."

அந்த ஏழாவது ஆளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.
என் அட்டவணையில் பெயருக்கு இடமில்லை.
வயது, பால், கிராம சேவகர் பிரிவு,
இருமல் தொடங்கிய திகதி.

நான் தட்டச்சுக்காரி.
நாட்டைப் பூட்டுவதும் திறப்பதும் மேல்மாடியில் நடக்கும்.
நூறு பரிசோதனைக்கு எத்தனை பேர்,
பதினாலு நாள் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா,
அவசர சிகிச்சையில் எத்தனை கட்டில் காலி:
மூன்றையும் பார்த்து
ஒரு பிரிவைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்றுவார்கள்.
மஞ்சள் என்றால் பேக்கரி, மருந்துக்கடை.
பச்சை என்றால் சலூன்,
ஐம்பது பேரோடு ஒரு கல்யாணம்.
கடலுக்கு நிறம் ஒதுக்க மறந்துபோனார்கள்.
காலிமுகத்தில் காகங்கள்
பாஸ் இல்லாமல் நடந்தன.

எங்கள் ஒழுங்கையின் நடுவால்
பிரிவின் எல்லைக்கோடு போகிறது.
நாற்பது வருடமாய் அது
வாக்காளர் இடாப்புக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.
சித்திரை முடிகிற நேரம்
எங்கள் பக்கம் மஞ்சளானது.
எதிர்ப்பக்கம் சிவப்பு.
நடுவில் நீளமாய் ஒரு நைலோன் கயிறு.
ஒழுங்கைக்கென்று இருந்த ஒரே நாய்
தலையை மஞ்சளில் வைத்து
வாலைச் சிவப்பில் நீட்டிப் படுத்தது.

எதிர்வீட்டு நிஸ்மியா
மாடியிலிருந்து வாளி இறக்குவாள்.
நான் பாணும் பனடோலும் வைப்பேன்.
வாளி பாதி ஏறியதும் கேட்பாள்:
"எங்கட பக்கம் எப்ப தொறப்பாங்க?"
மத்தியானம் நான் தட்டிய தாளில் அது இருந்தது.
தெரியாது என்றேன்.
"அவருக்கு இன்னைக்கு மெஷின் கழட்டினாங்களாம்,
நல்லமா அது, கூடாதா?"
அதுவும் தெரியாது என்றேன்.
இந்த முறை பொய்யில்லை.

பவ்சான் நானா.
புறக்கோட்டையில் தையல் நூல் வியாபாரம்.
நூற்றிருபது நிறம் வைத்திருப்பார்.
ஒரு சட்டைத் துணியைக் காட்டினால்
கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார்.

வெளிச்சக்கூடு தொங்காத வெசாக்கிற்கு
அடுத்த வாரம்,
நிரல் ஏழு: காலிக் கட்டில்கள்.
நேற்று நான்கு.
இன்று ஐந்து.
ஐந்து வந்தால் தளர்த்தலாம் என்பது மேல்மாடி விதி.
ஒரு கட்டில் காலியாக
இரண்டு காரணம் இருக்கலாம்.
நிரல் ஒன்றுதான்.
ஐந்து என்று தட்டினேன்,
ஒரு தேத்தண்ணி குடித்தேன்,
எங்கள் ஒழுங்கையும் பட்டியலில் வந்துவிட்டதென்று
சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது
பொலிஸ்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
வாளி பாதி உயரத்தில் நின்றது.
இழுக்க மேலே ஆளில்லை.

எதையெல்லாம் தளர்த்துவதென்று
நான் தட்டிய தாள் இரண்டு பக்கம்.
சலூன் இருந்தது, சாராயக்கடை இருந்தது,
முச்சக்கர வண்டியில் இரண்டு பேர் இருந்தது.
மண் இருக்கவில்லை.
பவ்சான் நானாவுக்கு மண் கேட்டு
அவருடைய தம்பிமார் மூன்று அலுவலகம் ஏறினார்கள்.
ஒரு மூடிய வாகனம் பொரளைப் பக்கம் போனது.
அதன் பிறகு புகை.

இனி வெளியே போவதென்றால்
அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படி.
ஒன்றும் இரண்டும் திங்கள்,
மூன்றும் நாலும் செவ்வாய்,
அப்படியே போகும்.
நிஸ்மியாவுக்கு எட்டு. வியாழக்கிழமை.

செவ்வாய் காலை வேலைக்கு இறங்குகிறேன்.
சந்தித் தடையில் அவள் நிற்கிறாள்,
கையில் கடைச் சாவிக்கொத்து.
கடை திறந்து நாற்பத்தைந்து நாள்.
பெட்டிகளில் எலி போயிருக்கும்.

பொலிஸ்காரர் முகக்கவசத்துக்கு மேலால் குனிந்து
வி எழுத்துக்கு முந்திய இலக்கத்தைப் பார்த்தார்.
மூன்று.
"ஹரி, யண்ட."

அட்டையை அவள்
விரலால் மறைத்துப் பிடிக்கவில்லை.
படம் மேலேதான் இருந்தது,
நூல்கடைக்காரர்,
கண் திறந்தபடி.